மூளை, முதுகுத்தண்டு கட்டி என்று சொல்லிவிட்டார்களா? ஸ்கேனிலிருந்து கதிர்வீச்சு வரை நீங்கள் செய்ய வேண்டியவை

அக்காவுக்கு 43 வயது. சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது இடது கை தானாக இழுக்க ஆரம்பித்து, வலிப்பில் போய் முடிந்தது. திண்டுக்கல்லில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது பக்க முன்மூளையில் ஏதோ தெரிகிறது, உடனே எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து கதிர்வீச்சு முடியும் வரை ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. அதில் ஏறக்குறைய ஐந்து வாரம் எங்கள் அறியாமையால் போனது. சரியான முறையில் எடுக்காத ஸ்கேன், வாங்காமல் விட்ட சிடி, எங்கே இருக்கிறதென்றே தெரியாத பயாப்சி பிளாக், பழைய வருமானச் சான்றிதழ். இப்போது இந்த நோய்க்கு நல்ல வழிகள் நிறைய வந்திருக்கின்றன, ஆனால் அவை எல்லாமே மூன்று பொருளை நம்பித்தான் இருக்கின்றன: ஸ்கேன் படம், வெட்டியெடுத்த சதை, கையிலிருக்கும் தாள். இந்த மூன்றும் உங்கள் கையில் ஒழுங்காக இருந்தால் எந்த மருத்துவரிடமும் போய் நிற்கலாம்.

நான் மருத்துவன் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் வேலை. அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. எம்.ஆர்.ஐ.க்குப் போவதற்கு முன்

ஸ்கேன் சென்டருக்கு போன் செய்து 'மூளை எம்.ஆர்.ஐ.க்கு எவ்வளவு' என்று கேட்டு, குறைந்த விலை சொன்ன இடத்துக்குப் போனோம். அதுதான் முதல் தவறு. கட்டி என்று சந்தேகம் வந்துவிட்டால் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் வேண்டும். கான்ட்ராஸ்ட் என்பார்கள், கடோலினியம் கலந்த ஊசி. அதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிய. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் அந்த ரத்தப் பரிசோதனையை முந்தின நாளே எடுத்துக்கொண்டு போனால் அரை நாள் மிச்சம்.

இன்னொன்று யாருமே சொல்லித் தராதது. அறுவை சிகிச்சையின்போது கட்டி எங்கே இருக்கிறது என்று திரையில் வழிகாட்டும் நியூரோ நேவிகேஷன் என்ற கருவி இருக்கிறது, நம் போனில் வழி பார்க்கிற மாதிரி. அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய துண்டுகளாக எடுத்த முப்பரிமாணப் படம் வேண்டும். சாதாரணமாக எடுக்கிற ஐந்து மில்லிமீட்டர் படம் அதற்கு உதவாது. எங்களுக்கு அதைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். தேதி கிடைக்க ஆறு நாள், செலவு இன்னொரு பத்தாயிரத்துக்குப் பக்கம். அதனால் ஸ்கேன் எழுதித் தரும் மருத்துவரிடம், 'ஆபரேஷன் தேவைப்பட்டால் நேவிகேஷனுக்கும் இதே படம் ஆகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கட்டிக்குள் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்க்கும் பெர்ஃப்யூஷன், உள்ளே என்ன ரசாயனம் இருக்கிறது என்று பார்க்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி இரண்டும் தேவையா என்றும் அப்போதே கேளுங்கள். பேச்சு, கை கால் அசைவு சம்பந்தப்பட்ட இடத்தில் கட்டி இருந்தால் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.யும், நரம்பிழைகள் போகும் பாதையைக் காட்டும் டிராக்டோகிராஃபியும் எழுதுவார்கள். தனித்தனியாகப் போய் எடுத்தால் தனித்தனிக் கட்டணம், தனித்தனி நாள்.

உள்ளே போகும்முன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தாலிக் கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கு, மெட்டி, கொண்டை ஊசி, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். அங்கே நின்றுகொண்டு தாலியைக் கழற்ற அம்மா சம்மதிக்கவில்லை, அரை மணி நேரம் அழுகையில் போனது. வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு மஞ்சள் கயிறு மட்டும் கட்டி அழைத்துப் போங்கள். பேஸ்மேக்கர், தலையில் முன்பே வைத்த கிளிப், மூளையில் சேரும் நீரை வடிக்க வைத்த ஷன்ட் குழாய் ஏதாவது இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், அதன் அட்டையையும் கொண்டு போங்கள். சில வகை ஷன்ட்டுகளில் வைத்திருக்கும் அழுத்த அளவு ஸ்கேனின் காந்தத்தில் மாறிவிடும், எடுத்த பிறகு சரிபார்க்க வேண்டும்.

வெளியே வரும்போது ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். டைகாம் படங்கள், அதாவது ஸ்கேன் இயந்திரம் எடுத்த அசல் டிஜிட்டல் படங்கள் உள்ள சிடி வேண்டும் என்று கேளுங்கள். ஃபிலிமை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்த நிபுணராலும் முழுசாகப் பார்க்க முடியாது. சிடியை அன்றைக்கே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள், பென் டிரைவிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்த முதல் சிடி வெறும் சிடி. அது சென்னையில் மருத்துவர் முன் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

செலவு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் மையத்தில் தனியாரை விட மிகக் குறைவு, ஆனால் தேதி தள்ளிக் கிடைக்கலாம்.

2. முதுகுத்தண்டு என்றால் முழுத் தண்டையும் பாருங்கள்

இதை எங்கள் பெரியம்மாவிடம் கற்றுக்கொண்டோம். இடுப்பு வலி, கால் மரத்துப் போகிறது என்று எட்டு மாதம் டிஸ்க் என்று சொல்லிப் பிசியோதெரபி நடந்தது. எடுத்த எம்.ஆர்.ஐ. இடுப்புப் பகுதிக்கு மட்டும். கட்டி இருந்தது நடு முதுகில், தண்டுவடத்தை மூடியிருக்கும் உறையில் வந்து வெளியிலிருந்து அழுத்தும் மெனிஞ்சியோமா என்ற கட்டி. கால் தடுமாறி விழுந்த பிறகு முழுத் தண்டையும் ஸ்கேன் எடுத்ததில்தான் தெரிந்தது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். முன்பே தெரிந்திருந்தால் கம்பே வேண்டியிருந்திருக்காது என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

படுத்தால் கூடுகிற, தூக்கத்திலிருந்து எழுப்புகிற முதுகு வலி, மார்பையோ வயிற்றையோ சுற்றி கயிறு கட்டிய மாதிரி இறுக்கம், நடையில் தடுமாற்றம், செருப்பு கழன்று போவதே தெரியாமல் இருப்பது, இப்படி எது இருந்தாலும் முழு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. கேளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவு. இதில் மணிக்கணக்குதான் முக்கியம். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வந்தால் இன்னும் கவனம்.

நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயும் மூளையில் வரும் காசநோய்க் கட்டியும் சாதாரணம். ஸ்கேனில் புற்றுக்கட்டி மாதிரியே தெரியலாம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு இணையத்தில் தேடி இரவெல்லாம் அழுவதற்கு முன், சதை எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதுவரைக்கும் பெயர் முடிவாகவில்லை.

3. முதல் வாரத்து மாத்திரைகள்

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். மூளை வீக்கம் இறங்கும், தலைவலி ஓரிரு நாளில் குறையும். இதில் மூன்று விஷயம். ஒன்று, சர்க்கரை ஏறும், வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். இரண்டு, நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள். மூன்றாவது முக்கியம்: மூளையில் வரும் லிம்ஃபோமா என்ற வகை, ஸ்டீராய்டு பட்டவுடன் சுருங்கிவிடும், அப்புறம் பயாப்சி எடுத்தாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் 'லிம்ஃபோமாவாக இருக்க வாய்ப்புண்டா, பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கலாமா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான வீக்கம் என்றால் கொடுத்தே தீர வேண்டும், அங்கே தர்க்கம் செய்யாதீர்கள்.

வலிப்புக்கு லெவெட்டிராசெட்டாம் கொடுப்பது வழக்கம். சிலருக்கு இதில் கோபமும் எரிச்சலும் வரும். அக்கா பிள்ளைகளிடம் கத்த ஆரம்பித்தபோது நோய் முற்றிவிட்டது என்று மச்சான் உடைந்து போனார். மருத்துவரிடம் சொன்னதும் மருந்தை மாற்றிக் கொடுத்தார், பத்து நாளில் பழைய அக்கா திரும்பி வந்தாள். வலிப்பு வந்தவர்களுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள், தனியாகக் கிணற்றடி, குளம் பக்கம் போக விடாதீர்கள்.

4. எங்கே போவது, என்ன கேட்பது

அரசுத் தரப்பில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் மூன்றிலும் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், தென்கோடி மாவட்டக்காரர்களுக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். பயணம் போக முடியாதவர்கள் மும்பை டாட்டா மெமோரியலோடு சேர்ந்து நடக்கும் நவ்யா என்ற இணையவழிச் சேவையில் ரிப்போர்ட்டுகளைக் கொடுத்து இரண்டாவது கருத்து வாங்கலாம்.

அறுவை சிகிச்சை நிபுணரிடம் நாங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டவை இவை. முழுசாக எடுக்க முடியுமா, பகுதி எடுப்பீர்களா, சோதனைக்குச் சதை மட்டுமா? நேவிகேஷன் இருக்கிறதா? பேச்சு மையத்துக்குப் பக்கம் என்றால் விழிப்பு நிலையில் அறுவை செய்வீர்களா? அதாவது நோயாளி பேசிக்கொண்டே இருக்க, எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு தடைப்படுகிறது என்று பார்த்துப் பார்த்து எடுப்பது. முதுகுத்தண்டு என்றால் நரம்புச் சமிக்ஞையைக் கண்காணிக்கும் நியூரோ மானிட்டரிங் உண்டா? தீவிர வகை மூளைக் கட்டி என்று சந்தேகம் இருந்தால் 5-அலா என்ற திரவத்தை அறுவைக்குச் சில மணி நேரம் முன் குடிக்கத் தருவார்கள், நீல ஒளியில் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும். குடித்த பிறகு ஓரிரு நாள் வெயிலும் பிரகாசமான விளக்கும் ஆகாது. விலை கூடுதல், எல்லா இடத்திலும் கிடைக்காது. ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைப் பயன்படுத்துகிற இடங்களும் உண்டு, அது மலிவு.

காமா நைஃப், சைபர் நைஃப் என்று விளம்பரம் பார்த்துவிட்டு, வெட்டாமலே சரியாகிவிடுமாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பெயரில்தான் கத்தி, உண்மையில் குறி வைத்துச் செலுத்தும் கதிர்வீச்சு. சின்ன கட்டிகளுக்கு, சுமார் மூன்று சென்டிமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு, வேறு இடத்திலிருந்து மூளைக்குப் பரவியவற்றுக்கு, சில மெனிஞ்சியோமா, காது நரம்புக் கட்டிகளுக்கு அருமையான வழி. மூளைக்குள் வேர் பரப்புகிற கிளியோமாவுக்கு முதல் சிகிச்சையாக அது பொதுவாக ஆகாது.

5. பணமும் தாளும்: அட்மிஷனுக்கு முன்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேவையானது ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார், வருமானச் சான்றிதழ். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாக நகரும். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காமல், ஸ்கேன் ரிப்போர்ட் நகலோடு நேரில் போய்ச் சொல்லுங்கள், மனிதர்கள் உதவுகிறார்கள். அட்டை பதிவு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில்.

இதில் நாங்கள் மாட்டிய இடங்கள்: ரேஷன் கார்டில் அக்கா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகும் பெயர் அப்பா வீட்டுக் கார்டிலேயே இருந்தது. இதைச் சரி செய்யவே ஒன்பது நாள். மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, 'நரம்பு அறுவை சிகிச்சைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, கதிர்வீச்சுக்கு இருக்கிறதா' என்று தனித்தனியாகக் காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். முன் அனுமதியை மருத்துவமனைதான் கேட்கும், அதற்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் மருத்துவர் கடிதமும் வேண்டும். சந்தேகத்துக்கு 104க்கு போன் செய்யலாம்.

தனியார் இன்சூரன்ஸ் இருப்பவர்கள் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். பாலிசியில் நாளுக்கு 5,000 என்று இருக்க, நீங்கள் 10,000 ரூபாய் அறை எடுத்தால், அறை வாடகையில் மட்டும் இல்லை, மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் வரை அதே விகிதத்தில் வெட்டுவார்கள். எங்கள் பக்கத்து படுக்கைக்காரர் இதில் ஒன்றரை லட்சம் கையிலிருந்து கட்டினார்.

பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க மருத்துவமனை தரும் எஸ்டிமேட், வருமானச் சான்று வேண்டும். பணம் நேராக மருத்துவமனைக்குத்தான் போகும், அதனால் செலவழிப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் இருந்தால் 80டிடிபி பிரிவில் 40,000 வரை, நோயாளி 60 வயதைக் கடந்தவர் என்றால் 1,00,000 வரை கழிவு உண்டு, நிபுணரின் மருந்துச்சீட்டு தேவை.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அறுவைக்கு முன் வங்கிக் கணக்கில் இன்னொருவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கை பாதிக்கப்பட்டால் கையெழுத்து மாறிவிடும். சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் வட்டிக்கு வாங்கிய குடும்பத்தை நான் வார்டில் பார்த்தேன்.

6. அறுவை முடிந்த 48 மணி நேரம்

எல்லோரும் ஐ.சி.யூ. வாசலில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் கேட்க வேண்டியது: 'அறுவைக்குப் பிறகான எம்.ஆர்.ஐ. எப்போது?' பொதுவாக 48 மணி நேரத்துக்குள், தாமதமானால் 72க்குள் எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அறுவையின் புண்ணே படத்தில் வெளுப்பாகத் தெரியும், மிச்சக் கட்டி எது, புண் எது என்று பிரிக்க முடியாது. கதிர்வீச்சுத் திட்டத்துக்கும், பின்னால் வரும் எல்லா ஸ்கேனுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை இந்தப் படம்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக் குறிப்பையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

7. பயாப்சி பிளாக்: இதைத் தொலைத்தால் எல்லாம் போச்சு

எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சின்ன வில்லையாக வைப்பார்கள், அதுதான் பிளாக். அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது ஸ்லைடு. அறுவையின்போதே சொல்லும் ஃப்ரோசன் முடிவு தற்காலிகமானது, முழு ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள், மரபணுச் சோதனைக்கு மேலும் இரண்டு மூன்று வாரம்.

2021இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் பார்த்தது மட்டும் போதாது, கட்டியின் மரபணு மாற்றமும் சேர்ந்துதான் பல கட்டிகளின் பெயரை முடிவு செய்கிறது. ஐ.டி.எச். மாற்றம் இருக்கிறதா, 1பி/19க்யூ இழப்பு இருக்கிறதா, எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் எப்படி என்பவை கிளியோமாவில் முக்கியமானவை. அக்காவின் முதல் ரிப்போர்ட்டில் 'ஹை கிரேடு கிளியோமா' என்று மட்டும் இருந்தது. நாங்கள் கிளியோமாவிலேயே மிகத் தீவிரமான கிளியோபிளாஸ்டோமா என்றே நினைத்துக்கொண்டு ஒரு மாதம் சாப்பாடு இறங்காமல் கிடந்தோம். பிளாக்கை வாங்கி வேறு இடத்தில் சோதித்ததில் ஐ.டி.எச். மாற்றம் உள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 3 என்று வந்தது. சிகிச்சையே மாறியது, நோயின் போக்கும் கிளியோபிளாஸ்டோமாவை விட நல்லது.

மருத்துவரின் கடிதத்தோடு நோயியல் பிரிவில் எழுதிக் கொடுத்தால் பிளாக்கும் ஸ்லைடும் கொடுப்பார்கள். வாங்கும்போது பிளாக் எண், ரிப்போர்ட்டில் உள்ள எண் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். கூரியரில் அனுப்புவதை விடக் கையில் கொண்டு போவது நல்லது. செலவு சில ஆயிரத்தில் தொடங்கும், பெரிய மரபணுப் பேனல் என்றால் பல பத்தாயிரம். சிகிச்சையை மாற்றக்கூடிய சோதனைகள் எவை, அவை மட்டும் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

8. கதிர்வீச்சு

பெரும்பாலும் அறுவை முடிந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் தொடங்குவார்கள். அறுவையும் கதிர்வீச்சும் வேறு வேறு இடம் என்றால், ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே கதிர்வீச்சு மையத்தில் ஓ.பி. பதிவு செய்துவிடுங்கள், வரிசை நீளம். முதலில் முகத்துக்கு அச்சாக மாஸ்க் செய்து, அதோடு சி.டி. எடுத்து, திட்டம் போட ஒரு வாரம் பிடிக்கும். ஸ்டீராய்டில் முகம் வீங்கினாலோ வற்றினாலோ மாஸ்க் பொருந்தாமல் போகும். இறுக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் அங்குள்ள டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

கிளியோபிளாஸ்டோமா என்றால் பொதுவாக 30 சிட்டிங், அக்காவுக்கு 33. திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒன்று. உள்ளே இருப்பது கால் மணி நேரம், காத்திருப்பது அரை நாள். ஆறேழு வாரம் தங்க இடம்தான் பெரிய செலவு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் சமைத்துச் சாப்பிடும் வசதியோடு அறை கிடைக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

புரோட்டான் சிகிச்சை இந்தியாவில் சென்னையிலும் நவி மும்பையிலும் இருக்கிறது, செலவு பல லட்சம். குழந்தைகளுக்கும், மண்டையோட்டு அடிப்பகுதியில் வரும் கோர்டோமா போன்றவற்றுக்கும் அதனால் உண்மையான பலன் உண்டு. பெரியவர்களின் கிளியோபிளாஸ்டோமாவுக்கு அது சாதாரணக் கதிர்வீச்சை விட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. அதற்காக நிலத்தை விற்காதீர்கள்.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும்.

9. டெமோசோலமைட்

இது கேப்சூலாக வரும் புற்றுநோய் மருந்து. கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சு நாட்களில் தினமும், அப்புறம் 28 நாளில் ஐந்து நாள். அக்காவுக்குக் கதிர்வீச்சுக்குப் பிறகு 12 சுற்று எழுதினார்கள். 20, 100, 250 மில்லிகிராம் என்று வரும், எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ப இவற்றைச் சேர்த்துக் கொடுப்பதால் எண்ணிக்கையில் தவறு நடக்கும். ஒவ்வொரு நாளுக்கும் தனி உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வெறும் வயிற்றில், வாந்தி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. உடைக்கவோ திறக்கவோ கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும், தட்டணுக்கள் குறைந்திருந்தால் தள்ளிப் போடுவார்கள். இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மருந்தே போதும், மத்திய அரசின் மலிவு விலை அம்ரித் மருந்தகத்தில் விலை விசாரியுங்கள்.

ஐ.டி.எச். மாற்றம் உள்ள கிரேடு 2 கட்டிகளுக்கு வொராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இருபது வருடத்துக்கும் மேலாகப் பெரிய மாற்றம் இல்லாத இடத்தில் வந்த மருந்து. பிளாக்கில் ஐ.டி.எச். பார்த்திருந்தால்தான் இதைப் பற்றிப் பேசவே முடியும்.

10. பிறகு வரும் ஸ்கேன்கள்

கதிர்வீச்சு முடிந்து சுமார் ஒரு மாதத்தில் முதல் எம்.ஆர்.ஐ., அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் படத்தில் கட்டி பெரிதானது போலத் தெரியலாம். கதிர்வீச்சின் விளைவாக வரும் வீக்கமாகவும் இருக்கலாம், போலி வளர்ச்சி என்பார்கள். பெர்ஃப்யூஷன் எடுத்தோ சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தோ பிரித்துப் பார்ப்பார்கள். அக்காவின் முதல் ஸ்கேனில் 'வளர்ச்சி, மறுவரவு சந்தேகம்' என்று ரிப்போர்ட் வந்தது. ரிப்போர்ட் எழுதியவரிடம் பழைய படங்கள் இல்லை. நாங்கள் எல்லா சிடியையும் எடுத்துக்கொண்டு போய் அறுவை செய்த மருத்துவரிடம் காட்டினோம், எட்டு வாரம் பொறுங்கள் என்றார். எட்டு வாரம் கழித்து எடுத்ததில் அது சுருங்கியிருந்தது.

முடிந்தவரை ஒரே ஸ்கேன் மையத்தில், ஒரே இயந்திரத்தில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய சிடிகளை அங்கே கொடுத்து ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு நான்கைந்து நாள் முன்பாகவே ஸ்கேன் தேதி வாங்குங்கள், காலையில் ஸ்கேன் எடுத்து மாலையில் டாக்டர் என்று வைத்தால் ரிப்போர்ட் வந்திருக்காது, திரும்ப ஒரு பஸ் பயணம்.